வெள்ளச்சியின் கழுத்தில் உன் நம்பர்

காஜா மச்சானுக்கு, இருக்கிற இடத்தில் நீ யாரையாவது கேலி செய்து சிரித்துக்கொண்டுதான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் முருகேசன் எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. வெள்ளச்சி நன்றாக இருக்கிறாள். மான்குர்த் தபேலாவில் அவளுடைய பழைய இடத்திலேயே கட்டியிருக்கிறோம். முன்னங்காலில் ஒரு சிராய்ப்பு, அதுவும் ஆறிவிட்டது. கொள்ளு தின்கிறாள், பக்கத்தில் நிற்கிற குதிரையைக் கடிக்கப் போகிறாள், எல்லாம் வழக்கம்போலத்தான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். எழுந்து செருப்பைத் தேடுவாய்.

கெட்ட செய்தி, அவளை நான் தொலைத்தேன். உன் குதிரையைத் தொலைத்தேன் மச்சான். திரும்பக் கிடைத்துவிட்டாள் என்பதால் தொலைத்தது இல்லையென்று ஆகிவிடாது. இதை வீட்டில் உட்கார்ந்து எனக்கு மட்டும் எழுதிக்கொண்டால் காலையில் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் நாலு பேர் படிக்கிறமாதிரி எழுதுகிறேன்.

அந்த நாலு பேருக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. காஜா மைதீன் தாராவிக்காரன், நான் மாட்டுங்கா லேபர் கேம்ப். இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவன் குதிரை, என் டெம்போ. பம்பாயில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வேண்டும் அல்லவா, அதுதான் எங்கள் தொழில். செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே கல்யாணம் நடந்தாலும் வெள்ளச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். அவன் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். அவன் மனைவி ஆமினா எனக்குத் தங்கச்சி. போன வருஷம் மழைக்கு முன்னால் தபேலாவில், அதாவது குதிரை லாயத்தில், வெள்ளச்சிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நீ செய்கிற கூத்தை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன். வண்டியில் ஏற்றுகிறதுக்கு முன்னால் அவளைச் சுற்றிச் சுற்றி வருவாய். லாடம் பார்ப்பாய், கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்ப்பாய், அதில் தொங்குகிற பித்தளைத் தகட்டைச் சட்டையில் துடைப்பாய். அந்தத் தகட்டில் ஆணியை வைத்துத் தட்டித் தட்டி உன் போன் நம்பரை நீயே எழுதியிருந்தாய். எழுத்து ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும்.

"டோம்பிவிலிக்குத்தானல போறோம், துபாய்க்கா போறோம்?" என்று கேட்பேன்.

"வழியில தப்பிட்டாள்னா இவ வாயத் தொறந்து அட்ரஸ் சொல்லவா போறா?" என்பாய்.

கழுத்துத் தோலுக்கு அடியில் சிப் வைக்கலாம், அரிசி மாதிரி சின்னதாக இருக்குமாம், மெஷினைக் காட்டினால் யார் குதிரை என்று தெரிந்துவிடுமாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாய். குதிரை டாக்டரிடம் ஒருநாள் போவோம் மச்சான், நீ வண்டியை எடு என்றாய். "ஒனக்கே ஆதார் கார்டுல பேரு தப்பாக் கெடக்கு, குதிரைக்கு மொதல்ல சிப்பா?" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது நான்தான்.

சரி, தொலைத்த கதைக்கு வருகிறேன்.

டோம்பிவிலியில் காலைக் கல்யாணம். ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. நீ போன பிறகு குதிரையைப் பிடிக்க ஒரு ஆள் வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் அவன் வீட்டில் ஏதோ வேலை இருக்கிறது என்று டோம்பிவிலியிலேயே ரயில் ஏறிவிட்டான். போ, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பெரிய மனுஷன்போலச் சொல்லி அனுப்பினேன். நீ ஒருநாளும் அப்படி விட்டதில்லை. வண்டி ஓட்ட ஒருவன், குதிரைக்கு ஒருவன் என்பதில் நீ கறாராக இருந்தாய்.

திரும்பி வரும் வழியில் ஷீல் ரோட்டில் டயர் பஞ்சர். குதிரையை வைத்துக்கொண்டு ஜாக்கி போட முடியாது என்பதால் அவளை இறக்கி ஒரு விளம்பரப் பலகையின் கம்பத்தில் கட்டினேன். உன் முடிச்சு எனக்கு வராது. நான் போட்டது வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல ஒரு முடிச்சு. டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. முலுண்டில் அடுத்த முகூர்த்தத்துக்குக் குதிரை கேட்டார்கள். எழுந்து ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, என்ன பாட்டுக்கெல்லாம் எங்கள் குதிரை ஆடும் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு டம்பர் லாரி கருங்கல்லைக் கொட்டியது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் கம்பம் மட்டும் நிற்கிறது.

ஓடினேன் மச்சான். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு, அந்த வெயிலில் ஓடினேன். வெள்ளச்சி, வெள்ளச்சி என்று கத்திக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் ஓடினேன். டீக்கடையில் கேட்டேன், மெக்கானிக் கடையில் கேட்டேன். இந்தப் பக்கம் போச்சு என்றான் ஒருவன். அந்தப் பக்கம் என்றான் இன்னொருவன். எந்த லாரி எங்கே அவளை அடித்துப் போட்டிருக்குமோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்தேன். இருட்டுகிறவரைக்கும் தேடினேன், கிடைக்கவில்லை.

போலீஸ் சௌக்கிக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன்தான். குதிரை எப்படியிருக்கும் என்று கேட்டார்.

"வெள்ளையா இருக்கும் சாப்."

"கல்யாணக் குதிரை எல்லாமே வெள்ளைதானே. அடையாளம் ஏதாவது சொல்லு."

நான் என்ன சொல்வேன்? அவளுக்கு இருந்த ஒரே அடையாளத்தை நான்தானே சிரைத்து வைத்திருந்தேன்.

அந்தச் சுழியைச் சொல்கிறேன் மச்சான். இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற இடத்தில், விரல் வைத்துத் திருகிவிட்டமாதிரி இருக்குமே. அழுகைச் சுழி, வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி யாரும் வாங்காமல் நின்றவளைத்தான் நீ வாங்கி வந்தாய். "இந்தச் சுழி இல்லாட்டி இவ என் கைக்கு எட்டுற விலையிலயா நின்னுருப்பா?" என்று அதைத் தடவிக்கொடுப்பாய். கல்யாணத்துக்குப் போகும்போது முத்துச்சரத்தை அந்த இடத்தில் மட்டும் அடர்த்தியாகக் கட்டி மறைப்பாய். சரத்தைக் கட்டி முடிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும், நான் எவ்வளவு முனகுவேன்.

போன மாதம் செம்பூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை வெள்ளச்சிக்குக் கடலை ஊட்ட வந்தாள். நான் கட்டிய சரம் விலகிக் கிடந்திருக்கிறது. அந்த அம்மாள் சுழியைப் பார்த்துவிட்டாள். அழுகிற குதிரையில் எங்கள் பையன் ஏறமாட்டான் என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தினாள். பேண்டு வாத்தியம் நின்றுபோனது. மாப்பிள்ளை காரில் ஏறிப் போனான். அந்த அவமானத்தில் மறுநாளே ஒரு டிரிம்மர் வாங்கிக்கொண்டு தபேலாவுக்குப் போனேன். கன்னத்து முடியை ஒட்டச் சிரைத்தேன். மேலே பவுடரைப் பூசினேன். வெள்ளச்சி தலையைத் தலையை ஆட்டினாள். இனிமேல் சரம் கட்டுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

போட்டோ இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டார். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். படத்துக்கா பஞ்சம்? எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை இருக்கிறான், குடை இருக்கிறது, ஜரிகைத் துணி இருக்கிறது, முத்துச்சரம் இருக்கிறது. வெள்ளச்சியின் முகம் ஒன்றில்கூட இல்லை. அவளை வைத்து இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன், அவளை அவளாக ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. உன் போனில் இருந்திருக்கும். அது ஆமினாவிடம் இருக்கிறது. கேட்டால் ஏன் என்பாள். குதிரை தொலைந்த விஷயத்தை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் சாப்பாடும் அந்தக் குதிரைதானே.

"கழுத்தில் நம்பர் ஏதாவது?" என்று அவர் கேட்டார். உடனே, இருக்கு சாப் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் எழுதிக்கொண்டே, உன் நம்பர் தானே என்றார். இல்லை, என் மச்சான் நம்பர் என்றேன். "அவரைப் போனை ஆஃப் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்லு. எவனாவது கண்டால் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவான்."

சரி சாப் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

நீ போன கொஞ்ச நாளில் ஆமினா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவள் இத்தா இருந்த நேரம் அது. கணவன் போன பிறகு அத்தனை மாதம் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டும் என்ற உங்கள் முறைப்படி உள்ளேயே இருந்தாள். நான் வாரா வாரம் குதிரை வருமானத்தில் அவள் பங்கைக் கொண்டுபோய் வாசலில் நின்று கொடுத்துவிட்டு வருவேன்.

"அண்ணே, அவுக போனுக்கு ரீசார்ஜ் முடியுதுன்னு மெசேஜ் வந்திருக்கு. கொஞ்சம் போட்டு விடுதியளா?"

"இனிமே அது எதுக்கும்மா? யாரு பேசப் போறா? புக்கிங்குக்கு என் நம்பர் இருக்குல்லா."

அவள் பதில் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம் போல என்று நினைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தேன்.

ஆனால் தகட்டை மாற்றவில்லை. அதுதான் வேடிக்கை. தினமும் பட்டையை மாட்டும்போது அந்தக் கோணல் நம்பரைப் பார்ப்பேன். நீ தட்டி எழுதியதை ராவி எடுக்க மனசு வரவில்லை. உன் எழுத்து இருக்கட்டும் என்று விட்டேன், உன் இணைப்பைச் சாகவிட்டேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு ஒருநாளும் வரவில்லை.

மறுநாளும் தேடினேன். கல்யாண் பக்கம், மும்ப்ரா பக்கம், கல் குவாரிப் பக்கம். ஆமினா போன் செய்தபோது வெள்ளச்சிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். மத்தியானம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை. இப்படி ஏதாவது ஆனால் நான் உன்னைத்தானே கூப்பிடுவேன். கை தானாக உன் பேரைத் தேடி அமுக்கிவிட்டது. சுவிட்ச் ஆஃப் என்று அந்தப் பெண் குரல் சொல்லும், கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மணி அடித்தது மச்சான்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "குதிரை இல்லை. காஜா பாய் இல்லை. ராங் நம்பர்" என்று இந்தியில் ஒரே மூச்சில் சொன்னது.

அப்புறம்தான் விளங்கியது. உன் நம்பரைக் கம்பெனிக்காரன் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். அவள் பேர் வைஷாலி. முலுண்டில் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கிற வேலை. நம்பர் வாங்கியதிலிருந்து வாரத்துக்கு யாராவது ஒருத்தர் கல்யாணத்துக்குக் குதிரை கேட்கிறார்களாம். காஜா பாய் எங்கே என்கிறார்களாம். ஒருவன் போனில் முகூர்த்த நேரம்கூடச் சொல்லிவிட்டானாம்.

"தாயி, நான் குதிரை கேட்கக் கூப்பிடவில்லை. என் குதிரையைத் தொலைத்துவிட்டேன். அதன் கழுத்தில் உங்கள் நம்பர் இருக்கிறது" என்று சொன்னேன்.



"வெள்ளைக் குதிரையா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நேற்று ஒருவர் கூப்பிட்டார். உங்கள் குதிரை என் இடத்தில் வந்து நிற்கிறது என்றார். எனக்குக் குதிரையும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். அவர் விடவில்லை, நம்பர் போட்டிருக்கிறதே என்றார். டாக்டர் வேறு உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில், வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன் பாய்சாப்."

அவளை எப்படிக் குறை சொல்வேன்? தன் போனில் கண்டவனுக்கெல்லாம் குதிரைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்த ஆளின் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கிடைத்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது என்றாள்.

அவர் பேர் ராம்தீன். ஷீல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எருமைத் தபேலா வைத்திருக்கிறார். போனதும் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். எருமைகளுக்கு நடுவில் நின்று பச்சைப்புல் தின்றுகொண்டிருந்தாள். காலில் மஞ்சள் பூசியிருந்தார்கள். வெள்ளச்சி என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டிருந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருப்பாள்.

ராம்தீன் குறுக்கே வந்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. நியாயம் பேசுகிறவர்.

"குதிரைக்காரி என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நீ யார்?"

"அது என் மச்சான் குதிரை."

"தகட்டில் இருப்பது உன் நம்பரா?"

"இல்லை."

"அப்போ வேறு அடையாளம் சொல்லு. பார்க்கலாம்."

சொன்னேன். இடது கண்ணுக்குக் கீழே சுழி என்றேன். அவர் போய் அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரைத்த இடத்தில் முள்முள்ளாக முடி வந்துகொண்டிருந்தது. இங்கே சுழி ஒன்றும் இல்லையே என்றார். நான்தான் சிரைத்துவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தன் குதிரையின் அடையாளத்தை எவனாவது தானே சிரைப்பானா? எனக்குக் காது குத்தாதே."

போட்டோவைக் காட்டினேன். மாப்பிள்ளையைப் பார்த்தார், ஜரிகையைப் பார்த்தார், இது எந்தக் குதிரையாகவும் இருக்கலாம் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரிதான். என் குதிரை என்று காட்ட என்னிடம் ஒரு அடையாளமும் இல்லாமல், எவன் குதிரையையோ திருட வந்தவன்போல அந்தச் சாணிக்கு நடுவில் நின்றேன். அழுகை வந்துவிட்டது. எனக்குத்தான் சட்டென்று வந்துவிடும் என்று உனக்குத் தெரியுமே.

என் அழுகையைப் பார்த்தோ என்னவோ, அவரே போனை எடுத்தார். "சரி, நம்பர்காரியையே கேட்டுவிடுகிறேன். அவள் சொன்னால் ஓட்டிக்கொண்டு போ." ஸ்பீக்கரில் போட்டு உன் நம்பருக்கு அடித்தார். வைஷாலி எடுத்தாள். எனக்கு அவளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைக்கவும் நேரமில்லை.

"நேற்று இது உங்கள் குதிரை இல்லை என்றீர்கள். இன்றைக்கு ஒரு மதராஸி வந்து நிற்கிறான். குதிரை யாருடையது, ஒரே பேச்சாகச் சொல்லுங்கள்."

அவள் யோசித்த அந்த நேரத்தில் நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேனோ, உன் அல்லாவையும் சேர்த்து.

"எங்களுடையதுதான்" என்றாள். "நேற்று வீட்டில் சண்டை. அந்தக் கோபத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். அது காஜா பாயின் குதிரை. வந்து நிற்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்."

"நீங்கள் யார்?"

"காஜா பாய் வீட்டு ஆள்" என்றாள். கொஞ்சமும் தடுமாறவில்லை.

ராம்தீன் கயிற்றை என் கையில் கொடுத்தார். புல்லுக்கும் மஞ்சளுக்கும் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் வாங்கவில்லை. வண்டியில் ஏற்றுகிறதுக்குத் தோள் கொடுத்துவிட்டு, என் முதுகில் தட்டிச் சொன்னார். "காஜா பாயிடம் சொல்லு. குதிரை கிடைத்துவிட்டது, இனி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைச் சமாதானம் செய்யச் சொல்லு." சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

மும்ப்ராவைத் தாண்டும்போது போன் வந்தது. உன் பேர்தான் தெரிந்தது, காஜா மச்சான் என்று. இந்த முறை வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வெள்ளச்சியைப் பார்த்துவிட்டு அப்புறம் எடுத்தேன். கிடைத்துவிட்டாளா என்று கேட்டாள் வைஷாலி. ஏறிவிட்டாள் தாயி, உன் புண்ணியம் என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு தைரியமாகப் பொய் சொன்னதில்லை என்று சிரித்தாள்.

பிறகு கேட்டாள். "பாய்சாப், இன்னொரு விஷயம். ஒரு நம்பரிலிருந்து மத்தியான நேரத்தில் போன் வரும். ஹலோ என்றால் பதில் இருக்காது. உடனே வைக்கவும் மாட்டார்கள். பின்னால் குக்கர் சத்தம் கேட்கும், சில நாள் பாங்குச் சத்தம் கேட்கும். பேசமாட்டீர்கள் என்றால் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் திட்டிவிட்டேன். அதற்கு அப்புறமும் வருகிறது. அதுவும் குதிரைக்காரர்கள்தானா?"

நம்பரை வாசித்தாள். பாதி வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமினாவின் நம்பர்.

யாரு பேசப் போறா என்று கேட்டேனே மச்சான். வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேனே.

காஜா பாய் போன வருஷம் இறந்துவிட்டார், அது அவர் மனைவி என்றேன். இனிமேல் வந்தால் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள் வைஷாலி. ஒன்றும் சொல்லவேண்டாம், திட்டாமல் மட்டும் இருந்தால் போதும், போனை வெட்டிவிடாதீர்கள் என்றேன். "நான் வெட்டுவதில்லை. அவர்கள்தான் வைப்பார்கள்" என்றாள்.

நான் வண்டியின் பின்னால் ஏறி, வெள்ளச்சியின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். குதிரையைத் தொலைத்தது இரண்டு நாள்தான். ஆமினாவை எப்போது தொலைத்தேன்? இத்தா நாட்களில் வாசலில் நின்றது முறை. அது முடிந்த பிறகும் வாசலிலேயே நின்றேனே, அது என்ன முறை? உன் மகள் புனேயில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். பேச்சுக்கு வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? நான் போய்ப் பங்கைக் கொடுப்பேன், வெள்ளச்சி நல்லா இருக்கா, புக்கிங் வருது, வாரேம்மா என்பேன். உன் பேரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுத்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன் என்ற பயம்தான். நான் சொல்லாத பேரை அவள் ஒரு போனுக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளச்சிக்குச் சிப் வைத்தாகிவிட்டது. ஊசி போடும்போது டாக்டரை உதைக்கப் பார்த்தாள். கன்னத்து முடி வளர்ந்துகொண்டிருக்கிறது, டிரிம்மரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். முகத்தை வெறுமனே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தகட்டில் உன் நம்பர் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தகடு தொங்கவிட வேண்டும். அதில் யார் நம்பர் என்பதை ஆமினாவிடம் கேட்டுத்தான் போடுவேன்.

தொலைத்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாரேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "இந்த வாரப் பங்கு தந்துட்டியளேண்ணே" என்றாள். பங்குக்கு இல்லம்மா, சும்மா வாரேன் என்றேன். சும்மாவா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன் மச்சான். டீ கேட்பேன். வெள்ளச்சியைத் தொலைத்ததைச் சொல்வேன், சுழியைச் சிரைத்ததைச் சொல்வேன், வைஷாலியைப் பற்றிச் சொல்வேன். அன்றைக்கு ரீசார்ஜ் போடாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்பேன். அதற்கு அப்புறம் உன்னைப் பற்றிப் பேசுவேன். காஜா அப்படிச் செய்தான், காஜா இப்படிச் சொன்னான் என்று பேசிக்கொண்டே இருப்பேன். அவள் அழுதால் எழுந்து ஓடமாட்டேன். இது சத்தியம்.

இனிமேலாவது ஆமினாவுக்கு அண்ணனாக இருக்கப்போகிற,
உன் மச்சான்
முருகேசன்
லேபர் கேம்ப், மாட்டுங்கா